ஜாதி உண்டானது எப்படி?

புல் பூண்டு, பட்சி, மிருகம் யாவும் ஆதியில் கடவுள் சிருஷ்டித்த உருவத்திலேயே இன்றும் இருக்கின்றன என்றும், அதுபோலவே மனிதரிலும் அவர் உண்டாக்கின ஜாதிகள் மாறாமல் இருக்கவேண்டியதுதான் என்றும் நம் வைதிகர்கள் சொல்லி வருகிறார்கள். "குரங்கு மனிதனானதை எவன் கண்டான்?" என்பது இவர்களுடைய பெரிய கேள்வி. 2018இல் மத்திய சர்க்காரின் கல்வி இலாகா இணை மந்திரி ஒருவரே இந்தப் பாணியில் பேசி, டார்வின் கொள்கை தப்பு என்றார் என்றால் பாமர மக்களைக் குறை சொல்வானேன்? பிரம்மா முகத்திலிருந்தும் காலிலிருந்தும் ஆட்களைப் பெற்றதை மட்டும் இவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்களோ என்னவோ!

நிற்க, இதற்குச் சாட்சி தேடி நாம் சீமைக்குப் போகவேண்டியதில்லை. விருதுநகரில் ரயிலேறி சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாய்ச் செங்கோட்டைக்குப் போனால் போதும். மேற்கே கூடவே வந்த மலைத்தொடர் அங்கே தாழ்ந்து ஒரு கணவாயாகிறது. அகலம் 10 கிலோமீட்டர்கூட இராது. ஆனால் குளிர்ந்த மலையுச்சிச் சோலையை விட்டு இறங்காத சிறு குருவிக்கு அந்த வெக்கையான பள்ளம் ஒரு சமுத்திரம். சோலைக்கிளி என்னும் அக்குருவி ஒன்றாயிருந்து, பின் மலைக்கு மலை பிரிந்துபோயிற்று. ஒவ்வொரு கூட்டத்திலும் தலைமுறைதோறும் சிறுசிறு மாறுதல் தோன்றும். அக்கரைக் கூட்டத்தோடு கலப்பு இல்லாததால் அவை கரைந்துபோகாமல் சேர்ந்துகொண்டே வரும். இப்படி லட்சக்கணக்கான வருஷங்கள் போனால் வேறு இனந்தானே! பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருப்பதற்கு விலாப்புறம் செம்பழுப்பு. தெற்கே பழனி மலையில் இருப்பதற்கு வயிறு வெள்ளை. செங்கோட்டைக்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் இருப்பது மூன்றாவது இனமென்று, மரபணுவைச் சோதித்து 2017இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அகத்தியர் பொதிகைக்கு வந்ததாகச் சொல்லும் காலத்திற்கு எவ்வளவோ முன்பே அக்குருவி அங்கே தனிக்குடித்தனம் செய்துகொண்டிருந்தது.

உடனே ஒரு பண்டிதர், "பார்த்தீர்களா, பிரிந்திருந்தால் தனி ஜாதியாகும் என்று நீரே ஒப்புக்கொண்டீரே" என்பார். மனிதர் பிரிந்திருந்தது எத்தனை நாள்? 2013இல் ஹைதராபாத் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில், சுமார் 4,200 வருஷத்திற்கு முன்னிருந்து 1,900 வருஷத்திற்கு முன்வரை இந்நாட்டு மக்கள் தாராளமாய்க் கலந்தார்கள் என்றும், ஜாதிக்குள்ளேயே மணமுடிக்கும் அடைப்பு அதற்குப் பின்தான் இறுகியது என்றும் கண்டார்கள். குருவிக் கணக்கில் இது ஒரு பொழுதுமல்ல.

அன்றியும் குருவிகளின் நடுவே காவல்காரன் எவனுமில்லை. மனித ஜாதிக்கோ கோயில் வாசலில் காவல் வேண்டியிருந்தது. கோயிலுக்குள் இன்னார் போகக்கூடாதென்ற சண்டையில் 1899இல் சிவகாசியையே சூறையாடினார்கள். கலப்பு மணம் செய்துகொண்ட பிள்ளைகளை வெட்டப் பெற்ற தகப்பனே இன்றும் அரிவாள் எடுக்கிறான். கடவுளே பிரித்து வைத்தது உண்மையானால் அரிவாளுக்கு அங்கே என்ன வேலை? ஜாதி கெட்டுப் பிறந்த பிள்ளையும் எல்லாப் பிள்ளையையும் போலத்தான் பிறக்கிறது என்பது வெட்டுகிறவனுக்கே தெரியும்.

இதையெல்லாம் நம் பிள்ளைகள் படித்தறியலாமென்றால், மத்திய சர்க்காரின் என்.சி.இ.ஆர்.டி. 10ஆம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடத்தையே எடுத்துவிட்டது. 2023இல் ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் ஆட்சேபித்துக் கையெழுத்திட்டார்கள். 11ஆம் வகுப்பில் உயிரியல் எடுக்காத பிள்ளை பிறகு எந்த வகுப்பில் இதைப் படிக்கும் என்பதை எடுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.