பூச்சிக்கு வரப்பு தெரியாது

நம் பக்கம் பூச்சிக்கொல்லியை விஷம் என்று யாரும் சொல்வதில்லை. ‘மருந்து’ என்றுதான் சொல்கிறோம். “தோப்புக்கு மருந்து அடிச்சாச்சுங்களா?” என்று கேட்டால், ஏதோ நோயாளியின் நலம் விசாரிப்பதுபோல இருக்கிறது. டப்பாவின் மேல் ஒரு முக்கோணம் போட்டிருக்கும், பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று படிப்படியாகக் கடுமை குறையும். பச்சையும் நஞ்சு வகைதான். எழுத்தர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தாளைக் கொடுத்தாலும் பொடி எழுத்தை முதலில் படிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு? கொமரலிங்கத்திலும் சுற்று வட்டாரத்திலும் தோப்பு வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு வெள்ளை ஈயில்தான் வந்து நிற்கிறது. அடுத்த கேள்வி, “என்ன மருந்து அடிக்கலாம்?” என்பது. இந்தக் கேள்வியை நாம் கடைசியில் கேட்க வேண்டும், முதலில் அல்ல என்பது என் கருத்து.

சுருள் வெள்ளை ஈ நம் நாட்டுப் பூச்சி அல்ல. மத்திய அமெரிக்கப் பக்கத்தில் இருந்து எப்படியோ வந்தது. இந்தியாவில் முதலில் தெரிந்தது 2016-ல், நம் பக்கத்து வீடான பொள்ளாச்சியில். ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டை இட்டு, சாற்றை உறிஞ்சும். அது வெளியேற்றும் தேன் போன்ற கழிவு கீழ் ஓலையில் விழ, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. தோப்பே கரி பூசியதுபோல ஆகிவிடுகிறது. பார்த்தவுடன் வயிறு எரியும்தான். ஆனால் இந்த ஈ மட்டும் தாக்கி மரம் செத்துப்போவதில்லை. ஓலை வெயிலை வாங்க முடியாமல் மரம் சோர்ந்துபோகும், காய்ப்பு குறையும். நமக்கு யோசிக்க நேரம் இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

யோசிக்காமல் அடித்தால் என்ன ஆகும்? என்கார்சியா என்று ஒரு குளவி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டை இட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று முடிக்கும். ஓலையைத் திருப்பி ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெள்ளைக் குஞ்சுகளுக்கு நடுவே கறுத்த குஞ்சுகள் இருந்தால், அங்கே குளவி வேலை பார்க்கிறது என்று அர்த்தம். கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். ஓலைக்கு அடியில் மெழுகுக்குள் ஒளிந்திருக்கும் ஈ தப்பித்துப் பெருகும். வேரில் மருந்து கட்டுகிறவர்கள் 45 நாள் காய் பறிக்கக் கூடாது என்பது விதி. பேரன் இளநீர் கேட்கும்போது அந்த 45 நாளை யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குச் சொல்வது ஒரே வழி அல்ல, பல சிறு வழிகள். மஞ்சள் பாலிதீன் தாளில் ஆமணக்கு எண்ணெய் தடவி, ஐந்தாறு அடி உயரத்தில் கட்டினால் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். விசைத் தெளிப்பானால் ஓலையின் அடியில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம். கரும்பூசணத்துக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசை தெளித்தால் வெயிலில் காய்ந்து செதிளாக உதிரும். குளவி இருக்கும் ஓலைத் துண்டை எடுத்து, இல்லாத தோப்பில் வைக்கலாம். எதுவும் தனியாகப் போதாது. சேர்த்துச் செய்தால் போதும்.

இது காகிதத்தில் மட்டும் உள்ள கதை என்று நினைப்பவர்கள் பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துப் பாருங்கள். 2008-ல் கோவையில் தலைகாட்டியது. பப்பாளி, குச்சிக்கிழங்கு, உடுமலைப் பக்கத்து மல்பெரி என்று எதையும் விடவில்லை. மல்பெரிக்கு மருந்து அடித்தால், அந்த இலையைத் தின்ற பட்டுப்புழு சாகும். அடிக்காவிட்டால் இலையே இல்லை. செடியைப் பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. 2010-ல் பெங்களூர் ஆராய்ச்சி நிறுவனத்தினர் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து அசிரோஃபேகஸ் என்ற குட்டிக் குளவியை வரவழைத்து வளர்த்தார்கள். அதே ஆண்டு கடைசியில் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. மருந்தால் முடியாததைக் குளவி செய்தது.

நம் பெரியவர்களுக்கு இது புதிதும் அல்ல. சப்பாத்திக் கள்ளி காடு காடாக மண்டிக் கிடந்த காலத்தை அவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதை ஒழித்ததும் ஒரு பூச்சிதான். 1926-ல் இலங்கையில் இருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ழான் ஆன்ரி ஃபாப்ர் என்பவரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். கல்லும் முள்ளுமான ஒரு நிலத்தை 1879-ல் வாங்கி, 1915-ல் இறக்கும் வரை அங்கேயே பூச்சிகளைப் பார்த்துப் பார்த்து எழுதியவர். எந்தக் குளவி எந்தப் புழுவை எங்கே கொட்டுகிறது என்று தரையில் குந்தி உட்கார்ந்து கவனித்தார். அரசுத் தமிழில் நாம் ‘ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை’ என்று நீட்டிச் சொல்வதற்கு நெருக்கமாகப் பிரெஞ்சுக்காரர்களிடம் ‘லூத் ரெஸோனே’ என்று ஒரு சொல் புழங்கியது. ‘யோசித்துச் செய்யும் சண்டை’ என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்தச் சொல்தான் பிடிக்கிறது. சண்டை வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

காண்டாமிருக வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். குருத்தைக் குடையும் அந்த வண்டைக் கம்பியால் குத்தி எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது பிறப்பது நம் எருக்குழியில். குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குவது, மெட்டாரைசியம் பூஞ்சையைக் குழியில் கலப்பது, வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு மட்டை இடுக்கில் போடுவது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது என நாலும் சேர வேண்டும். இவ்வளவும் செய்து கைமீறினால் மருந்தைத் தொடலாம். அதையும் அளவோடு, பாதித்த மரத்துக்கு மட்டும்.

“உங்களுக்கென்ன, பென்ஷன் வருது. கடன் வாங்கித் தோப்பு வச்சவன் பொறுத்திருக்க முடியுமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் இதை ஒரு தோப்புக்காரர் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்கிறேன். பூச்சிக்கு வரப்பு தெரியாது. நான் மஞ்சள் தாள் கட்டி, பக்கத்துத் தோப்பில் வாரம் ஒருமுறை மருந்து அடித்தால், என் குளவியும் அங்கே போய்ச் சாகும். அவர் ஈயும் இங்கே வரும்.

அமராவதி அணை வருவதற்கு முன்பே நம் ஊர் ராஜவாய்க்காலில் தண்ணீரைப் பங்கிட்டு வாழ்ந்தவர்கள் நாம். மேல்மடைக்காரர் தன் இஷ்டத்துக்குத் திறந்தால் கடைமடை காயும் என்பதை யாரும் நமக்குப் பாடம் நடத்தவில்லை. அந்த முறையைப் பூச்சிக்கும் கொண்டுவர வேண்டும். ஒரு வாய்க்காலில் பாயும் தோப்புகள் எல்லாம் ஒரே வாரத்தில் தாள் கட்டட்டும். எருக்குழிகளை ஒரே மாதத்தில் கிளறட்டும். விசைத் தெளிப்பானை ஊர்ப் பொதுவில் ஒன்று வாங்கினால் செலவும் பங்காகும். குளவி இருக்கும் தோப்புக்காரர் இல்லாதவருக்கு ஓலை கொடுக்கட்டும். வேளாண் அலுவலரைத் தனித்தனியாகப் போய்ப் பார்ப்பதைவிட, இருபது பேர் கையெழுத்துப் போட்ட ஒரு மனுவோடு போனால் அலுவலகத்தில் கவனிப்பார்கள். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

மனு எழுதிக்கொடுக்க நான் தயார். தோப்புக்காரர்கள் இருபது பேர் முதலில் தங்கள் ஓலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள்.