ஓட்டத்தை முடித்துவைப்பது வயதா, ஒப்பந்தமா?

உலகப் பட்டங்களின் பட்டியலில், ஜமைக்காவின் குறுந்தூர ஓட்டக்காரி ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸின் பெயருக்கு எதிரே 10.71 என்ற எண் இரண்டு தடவை வருகிறது. 2013 மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியில் 100 மீட்டர் தங்கத்தை இந்த நேரத்தில் ஓடித்தான் வென்றார். 2019-இல் தோஹாவில் வென்றதும் இதே நேரத்தில்தான். இடையில் கால்விரல் காயம், ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம், 2017 ஆகஸ்டில் பிரசவம். தோஹாவில் அவருக்கு வயது 32. வானவில் நிறக் கூந்தலும் கையில் இரண்டு வயது மகனுமாக, ஆளரவம் குறைந்த அரங்கை அவர் சுற்றி வந்ததைப் பார்த்துத் தாய்மையின் வெற்றி என்று பலரும் உருகினார்கள். உருகட்டும். ஆனால் அந்த உருக்கத்தில் ஒரு கேள்வி காணாமல் போகிறது. குறுந்தூர ஓட்டக்காரிக்கு முப்பதோடு, குழந்தை பிறந்தால் அதற்கும் முன்பே, எல்லாம் முடிந்தது என்று கணக்கு எழுதியது யார்? உடம்பு எழுதியதைவிடப் பணம் கொடுப்பவர்கள் எழுதியதே அதிகம் என்பேன். 2008 பெய்ஜிங்கில் 21 வயதில் அவருக்கு ஒலிம்பிக் தங்கம் தந்த நேரம் 10.78. வாழ்நாளின் மிகச் சிறந்த நேரமான 10.60 வந்ததோ 2021-இல், லொசானில். மறு ஆண்டு யூஜினில், 35 வயதில், 10.67 விநாடியில் ஐந்தாவது 100 மீட்டர் உலகப் பட்டம்.

அது புது ரகக் காலணியின் மாயம் என்பார்கள். 10.60-இல் காலணிக்கும் பங்கு இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 2019-இல் அந்தக் காலணி குறுந்தூர ஓட்டத்தில் பரவியிருக்கவில்லை; 10.71 காலின் கணக்குத்தான். அவர் பிறவி மேதை, விதிவிலக்கு என்பது அடுத்த வாதம். நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோன் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றபோது அவருக்கு வயது 30, இரண்டு குழந்தைகளின் தாய். வீட்டில் இருக்க வேண்டியவளுக்கு மைதானத்தில் என்ன வேலை என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள். நம் பி.டி. உஷா, திருமணம், மகன் என்று விலகியிருந்து திரும்பி, 1998 ஃபுகுவோகா ஆசியத் தடகளப் போட்டியில் 34 வயதில் 200, 400 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் வாங்கினார். விதிவிலக்குகள் இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை வந்துகொண்டிருந்தால் விதியைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஃபிரேசர்-பிரைஸுக்கு ஒரு வசதி இருந்தது. கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில், தெருவில் பொருள் விற்றுப் பிழைத்த தாயின் மகள் அவர். ஆனால் பள்ளி மாணவர்களுக்கான ‘சாம்ப்ஸ்’ போட்டிக்கே அரங்கம் நிரம்பும் நாடு ஜமைக்கா. அமெரிக்கக் கல்லூரிக்குப் போகாமல் உள்ளூரிலேயே ஸ்டீபன் பிரான்சிஸிடம் பயிற்சி பெற்றார். பிரசவத்துக்குப் பிறகு திரும்பிப் போனதும் அவரிடமே.

அமெரிக்க ஓட்டக்காரி அலிசன் ஃபீலிக்ஸின் கதை வேறு. ஆறு ஒலிம்பிக் தங்கங்களோடு 2018-இல் தாயானவர். புது விளம்பர ஒப்பந்தத்தில் காலணி நிறுவனமான நைக்கி 70 சதவீதம் குறைத்துத் தர முன்வந்தது என்றும், பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் ஓட்டம் தளர்ந்தால் தண்டிக்க மாட்டோம் என்று எழுதித் தரச் சொன்னதற்கு மறுத்தது என்றும் 2019 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். சில மாதங்களில் நிறுவனம் இறங்கி வந்தது. கர்ப்பத்தை ஒட்டிய 18 மாதங்களுக்குப் பணத்தைக் குறைக்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தை மாற்றியது. ஃபீலிக்ஸ் அதற்குள் விலகிவிட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 35 வயதில் சொந்தக் காலணியை மாட்டிக்கொண்டு 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் தங்கமும் வாங்கினார்.

ஓடாதவருக்கு ஏன் பணம், தசை கிழிந்து படுத்தவருக்கும்தானே குறைக்கிறார்கள் என்பது வணிகத் தரப்பின் கேள்வி. நியாயம்போலத் தோன்றும். காயம் ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும்; பிரசவத்துக்கான வெட்டு ஒரு பக்கத்தில் மட்டுமே விழும். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: பிரசவம் ஆபத்தானதுதானே? ஆம். ஃபீலிக்ஸுக்கே கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் 32-ஆவது வாரத்தில் அவசர அறுவைச் சிகிச்சை நடந்தது. ஃபிரேசர்-பிரைஸ் மகனைப் பெற்ற அதே வாரத்தில் லண்டனில் 100 மீட்டர் உலகப் பட்டம் வென்ற டோரி போவி, 2023-இல் எட்டு மாதக் கர்ப்பிணியாக வீட்டில் தனியாக இறந்துகிடந்தார். வயது 32. ரியோ தொடர் ஓட்டத்தில் ஃபீலிக்ஸோடு சேர்ந்து தங்கம் வென்றவர் அவர். ஆபத்து மெய்யென்றால் அந்த மாதங்களில் மருத்துவச் செலவும் வருமானமும் கூடுதலாகத் தேவை. ஆபத்தைக் காரணம் காட்டிப் பணத்தைக் குறைப்பது எந்த ஊர்க் கணக்கு?

ஒலிம்பிக் தடகளத்தில் பெண்கள் முதன்முதலாக ஓடியது 1928-இல், ஆம்ஸ்டர்டாமில். வீரர்கள் தங்கும் ஒலிம்பிக் கிராமத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்கவும் டயப்பர் மாற்றவும் ஓர் அறை வந்தது 2024-இல், பாரிஸில். அதையும் ஃபீலிக்ஸ்தான் முன்னின்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது.