ஹந்தானைக் குளிர் மீனுக்குப் போதாது



கண்டி மீன் கடைகளில் தோராவுக்கும் கெலவல்லாவுக்கும் பக்கத்தில் சில நாட்களில் நெற்றி மேடிட்ட ஒரு நீள மீன் கிடக்கும். வன்னா என்பார்கள். வெளிநாட்டு ஹோட்டல்களில் மஹி மஹி என்ற பெயரில் பரிமாறுவதும் இதைத்தான். டொல்பின் மீன் என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த டொல்பினுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. உயிரோடு இருக்கையில் பொன்னும் பச்சையும் நீலமுமாக மின்னும் இந்த மீன், நம்மிடம் வந்து சேரும்போது நிறமெல்லாம் இழந்து சாம்பலாகி விடுகிறது. சதை வெள்ளை, முள் குறைவு. ஆணத்துக்கும் பொரியலுக்கும் அருமையான மீன்தான்.

ஆனால் இது கரையோரத்து மீன் அல்ல. ஆழ்கடலில் மிதக்கும் மரக்கட்டைகளின் கீழே கூடித் திரிவது. பேருவளை, நீர்கொழும்பு போன்ற இடங்களிலிருந்து புறப்படும் பல நாள் படகுகள் கெலவல்லாவுக்கென்று போடும் தூண்டிலிலும் வலையிலும் இதுவும் அகப்படும். அந்தப் படகுகள் கரை திரும்ப வாரக்கணக்காகும். அதுவரை படகின் அடியிலுள்ள ஐஸ்தான் மீனுக்குக் காவல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது திருகோணமலைப் பக்கம் அமைதியாக இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் லொறியில் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஏறித்தான் மீன் நம் மலைக்கு வர வேண்டும்.

இந்தப் பயணத்தில் எங்காவது ஐஸ் குறைந்தால், மீனின் சதையில் இயற்கையாக உள்ள ஹிஸ்டிடின் என்ற சத்தைக் கிருமிகள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். வன்னா, கெலவல்லா, பலயா, சாளை ஆகியவற்றில் இந்தச் சத்து அதிகம். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் கொதித்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. கொரக்காவும் தேசிக்காயும் கூட அதைப் போக்காது. மூக்கை நம்புவதிலும் பயனில்லை. நாற்றமே இல்லாத மீனிலும் அது இருக்கலாம்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவக்கும், உடம்பு தடிக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். வாயில் மிளகு கடித்தது போன்ற எரிவு. உடனே நாம் என்ன சொல்கிறோம்? "பிள்ளைக்கு மீன் ஒத்துக்கொள்ளாது!" அத்தோடு அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் மீன் கிடையாது. பழி மீன் மேல் விழுகிறது, குற்றம் ஐஸ் குறைந்ததில்!

ஹந்தானையில் இருக்கும் நமக்கு இன்னொரு நினைப்பும் உண்டு: குளிர் ஊர்தானே, மத்தியானம் வரை மீன் இருக்கட்டும் என்று. இங்கே பனி மூடிய காலையிலும் நமக்குத்தான் குளிர், கிருமிக்கு அது இதமான வெப்பம். மீனுக்கு வேண்டியது 4 பாகைக்கும் குறைவு. ஆகவே சந்தைக்குப் போனால் புடவைக் கடை, மளிகைக் கடை எல்லாம் முடித்து, மீனைக் கடைசியாக வாங்குங்கள். ஐஸுக்கு மேலே அல்ல, ஐஸுக்குள்ளே புதைந்திருக்கும் மீனைக் கேளுங்கள். றெஜிபோம் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வரும் மீன்கார நானாவிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கழுவி, ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவாகப் பிரித்து பிரீசரில் வையுங்கள். இளக வைப்பதையும் பிரிஜ்ஜின் கீழ்த்தட்டிலேயே செய்யுங்கள், அடுப்படி மேசையில் அல்ல. 2022 மார்ச்சில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டினார்களே, அப்படியான நாட்களில் இளகிச் சூடேறிய மீனை மீண்டும் உறைய வைக்க வேண்டாம். உறைய வைப்பதால் உண்டான நஞ்சு குறையாது.

ஒரே சட்டி ஆணத்தைச் சாப்பிட்ட பலருக்கும் ஒன்றாகத் தடித்தால், பெரும்பாலும் ஹிஸ்டமின்தான். ஒருவருக்கு மட்டும் என்றால் உண்மையான ஒவ்வாமையாகவும் இருக்கலாம். ஒரு துண்டில் மட்டும் நஞ்சு கூடியிருக்கவும் இடமுண்டு. அதை வீட்டில் தீர்மானிக்காமல் டொக்டரிடம் காட்டி, என்ன மீன், எப்போது சாப்பிட்டது என்று சொல்லுங்கள். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.