அறிவியல் அரங்கம்: விடை வருமுன் விடைபெறும் கட்டளை

நம் இல்லத்து இளைஞர் பலர் இன்று கணிப்பொறி நிரல் எழுதுவதையே தொழிலாகக் கொண்டுள்ளனர், பயில்வோரும் பலர். அவர்களைப் பெரிதும் மயக்கும் ஓர் இடத்தை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

1995-ஆம் ஆண்டில் பிரெண்டன் ஐக் என்பார் ஏறத்தாழப் பத்தே நாளில் வரைந்த மொழி ஜாவாஸ்கிரிப்ட். அதில், ஊருக்குச் செல்லும் ரயிலில் இடம் உண்டா என்று தொலைவிலுள்ள கணிப்பொறியைக் கேட்கும் ஃபங்ஷன் ஒன்றை மாணவர் எழுதுகிறார் என்க. ‘இடம்’ என்றொரு மாறியை அறிவிக்கிறார், கோரிக்கையை அனுப்புகிறார், விடை வந்ததும் அதை அம்மாறியில் இடுமாறு கால்பேக் என்னும் சிறு ஃபங்ஷனை உள்ளே வைக்கிறார், இறுதி வரியில் ‘ரிட்டர்ன் இடம்’ என முடிக்கிறார். கிடைப்பதோ ‘அன்டிஃபைன்ட்’!

உடனே பழி மாறியின் எல்லைமீது விழுகிறது. அதனைப் பொது மாறியாக்கிப் பார்ப்பர், பயனில்லை. உள்ளிருக்கும் ஃபங்ஷன் வெளியிலுள்ள மாறியை நன்றாகவே காணும். குற்றம் காலத்தைச் சார்ந்தது. ஊருக்கு எழுதிய கடிதத்தைத் தபால்பெட்டியில் இட்ட கையோடு மறுமொழி எங்கே என்று கேட்பதை ஒக்கும் இது. ஜாவாஸ்கிரிப்ட் ஒரே ஆள் நடத்தும் கடை. கோரிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திராமல் அடுத்த வரிக்குச் செல்லும். கையிலுள்ள வேலை முழுதும் முடிந்த பின்னரே கால்பேக்கை அழைக்கும். ரிட்டர்ன் அதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. கால்பேக்கினுள் ரிட்டர்ன் எழுதினாலோ, அம்மதிப்பு அதனை அழைத்தவரிடம் செல்லும்; அழைத்தவர் நாம் அல்லவே!

ஆகவே விடையைக் கொண்டு செய்வதைக் கால்பேக்கினுள்ளேயே செய்தல் வேண்டும். 2015-இல் மொழியின் தரத்தில் இடம்பெற்ற பிராமிஸ், ‘பின்னர்த் தருவேன்’ என்னும் சீட்டைத் திருப்பித் தருகிறது. 2017-இல் அசிங்க், அவெய்ட் என்னும் சொற்கள் வந்தன, எழுதுவது எளிதாயிற்று. எனினும் அசிங்க் ஃபங்ஷன் தருவதும் சீட்டே. அழைப்பவரும் அவெய்ட் இட வேண்டும். இதனை மறப்போர் மிகுதி.

எல்லை மெய்யாகவே குற்றவாளியாகும் இடம் வேறு. சென்னை, மதுரை, நெல்லை என மூன்று ஊர்களுக்கும் சுழல் ஒன்றில் கோரிக்கை அனுப்பி, ஊர்ப்பெயரை ‘வார்’ கொண்டு அறிவித்தால், மூன்று சுற்றுக்கும் மாறி ஒன்றே. விடைகள் வரும்போது அதில் நெல்லை மட்டுமே நிற்கும். மதுரைக்குரிய கணக்கு நெல்லையின் பெயரில் திரையில் தோன்றும். பிழைச் செய்தி ஏதும் வராது. தீபாவளிக்கு இடம் தேடும் குடும்பம் அதனை நம்பிவிடும் என்பதே நம் கவலை. ‘லெட்’ என்று எழுதினால் சுற்றுக்கொரு தனி மாறி கிடைக்கும். அப்போதும் விடைகள் அனுப்பிய வரிசையில் வரும் என்பதற்கு உறுதியில்லை. வரிசை வேண்டுவோர் ‘பிராமிஸ் ஆல்’ என்பதைக் கையாள்க.