வேரில் பிறந்த செந்நிறம்

பருத்தித்துறையின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. பருத்தி உள்ள இடத்தில் சாயமும் இருக்கும். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் அகழ்வது அரசின் தனியுரிமையாக இருந்தது. அவ்வேர் துணிக்குச் செந்நிறம் தந்தது. துவக்கின் மரப்பிடிக்குச் செந்நிறம் ஊட்டியதும் ஒரு வேரே என்பதை நேயர்கள் அறிவார்களா?

துவக்கு என்றதும் நம்மவர் நெஞ்சு துணுக்குறும். 1983 முதல் 2009 வரை நாம் பட்டது போதும். ஆயினும் ஈண்டு நாம் போற்றுவது கருவியை அன்று, தச்சனின் கைத்திறனையே.

மரப்பிடி செய்பவன் முதலில் அளப்பது மரத்தையல்ல, வாங்குபவரை. கை நீளம் எவ்வளவு, கன்னம் எங்கே படியும், கண் குழலுக்கு நேரே நிற்குமா என்று பார்ப்பான். அளவு பிழைத்தால் வெடித்ததும் பிடி கன்னத்தில் அறையும். பிறகு, கைபற்றும் ஒடுங்கிய இடத்தில் மரத்தின் இரேகை நெடுக ஓடுமாறு அக்ரூட் மரத்தைத் தெரிவான். இரேகை குறுக்கே ஓடினால் அவ்விடத்திலேயே பிளந்துவிடும். மண்வெட்டிப் பிடிக்கும் இதுவே விதி.

சாயம் இறுதி வேலை. மரத்தை நனைத்து, எழும்பும் நாரை உலர்ந்தபின் தேய்த்து நீக்க வேண்டும். இங்கிலாந்துத் தச்சர் அல்கானெற் என்னும் செடியின் வேரை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து, சிவந்த எண்ணெயைப் பூசினர். நமது சாயவேரின் நிறம் துணியில் நிலைக்கப் படிகாரம் வேண்டும். அல்கானெற்றின் நிறமோ எண்ணெயிலேயே கரையும். ஊறிய சாயத்தை மீண்டும் பிரித்தெடுக்க இயலாது. ஆகவே, அதே மரத்தின் துண்டொன்றில் முன்னரே பூசிப் பார்ப்பது அறிவுடையோர் வழக்கம்.

இத்தொழிலில் நம் நாடும் பின்தங்கியதன்று. கண்டித் துவக்குகளின் பிடி பின்புறம் இரண்டாகப் பிரிந்து சுருண்டிருக்கும். தந்தமும் வெள்ளியும் பதித்தவை பல. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்து சென்ற ஆறு பொருள்களை நெதர்லாந்து அரசு 2023இல் திருப்பி அளித்தது. அவற்றுள் இரண்டு பெருந்துவக்குகள். சிங்களத்திலும் அவற்றின் பெயர் துவக்குத்தான்!

மாணவர்களே, ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். சரியாகத் தேய்க்காத கீறலில் சாயம் மிகுதியாக ஊறும். அவ்விடமே கறுத்துத் தோன்றும். சாயம் குறையை மறைப்பதில்லை, காட்டிக் கொடுக்கும். மரத்துக்கு மட்டுமா இது பொருந்தும்?