நாவறுத்த ஒளித்தட்டு

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோர் ஒரு படியை மட்டும் நம்பி அமைந்தாரல்லர். பத்துப் படிகள் கிடைப்பின் பத்தையும் ஒப்புநோக்கி, எங்கே சொல் திரிந்தது, எங்கே அடி விழுந்தது எனக் குறித்துக் காட்டினர். அவ்வேறுபாடுகள் படியெடுத்தான் கைப்பிழையாலோ, செல்லரித்தமையாலோ நேர்ந்தவை. திரைப்பட ஒளித்தட்டுகளிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஆனால் அவை செல்லரித்தவை அல்ல. வணிகர் அறிந்தே அரித்தவை.

அடிதடிப் படத்தில் என்ன ஆராய்ச்சி என்று நகைப்பார் நகைக்க. 1994-ஆம் ஆண்டில் ஆங்காங்கில் வெளிவந்தது 'டிரங்கன் மாசுட்டர் 2'. சாக்கிச் சான் அதில் வோங்கு பேய் உங்கு என்னும் நாட்டுப்புற மறவனாக நடித்தார். கதை என்ன? சீனரின் பழம்பொருள்களை ஆங்கிலேயப் பேராளன் களவாகத் தன் நாட்டுக்குக் கடத்துகின்றான். பேரரசர் முத்திரை வைத்த பேழையும், மருந்து வேர் வைத்த பேழையும் இடம்மாறிப் போகின்றன. அதனால் மூண்ட பூசல் எஃகாலையில் பெரும்போராய் முடிகின்றது. தம் முதுசொத்தை அயலான் கைக்குப் போகவிடாது காத்த கதை அது.

அக்கதைக்கு என்ன நேர்ந்தது பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க வணிகர் அதனைத் தம் நாட்டில் வெளியிட்டனர். பெயரை மாற்றினர், இசையை மாற்றினர், இறுதிக் காட்சியை வெட்டினர், எல்லாவற்றினும் கொடிதாக, காந்தோனிய மொழியை நீக்கி ஆங்கிலத்தை ஏற்றினர். பின்னர் அங்கு விற்ற ஒளித்தட்டிலும் ஆங்கில ஒலியே இருந்தது. மூலமொழியைக் கேட்க விரும்புவானுக்கு அதில் வழியில்லை. முத்திரையைக் காத்தவன் நாவை இழந்தான்!

இறுதிக் காட்சி ஆலைச் சாராயம் குடித்தவன் அறிவு மழுங்கிப் போனதைக் காட்டி நகைப்பது. அதனை யானும் விரும்பேன். ஆயினும் ஒரு படைப்பின் இழுக்கும் அப்படைப்பினதே. அதனைப் பழிக்கலாம், அறுக்கலாகாது.

"சாக்கிச் சானே ஆங்கிலத்தில் பேசியுள்ளாரே, குறை என்ன?" என்பர் சிலர். அவர் ஒருவர் பேசினார், மற்றையோர்? சிற்றன்னையாக நடித்த அனிதா முய் காந்தோனியப் பாடல்களால் ஆங்காங்கு முழுதும் புகழ்பெற்ற பாடகி, 2003-இல் மறைந்தார். அவர் வாய் அசைய, வேறொருத்தியின் ஆங்கிலம் ஒலிக்கின்றது. இதற்கு மொழிபெயர்ப்பு என்று பெயரா?

பிரித்தானியத் தணிக்கையாளரும் வெட்டியவர்களே. 1973-இல் வந்த 'எண்டர் தி டிராகன்' படத்தில் புரூசு லீ சங்கிலிக்கோல் சுழற்றும் காட்சிகளைப் பல்லாண்டுகள் அறுத்தே வைத்திருந்து, 2001-இல்தான் வீட்டு ஒளிப்பேழையில் முழுமையாக இசைவளித்தனர். (1991-ஆம் ஆண்டு ஆமைப்படம் ஒன்றில் இறைச்சிக்குழலைச் சங்கிலிக்கோல்போற் சுழற்றியதும் அவர்க்குப் பொறுக்கவில்லை!) அவராவது இளைஞர் பார்த்துச் செய்வர் என்று ஒரு கரணியம் கூறினர். கரணியம் தளர்ந்தபின் மீட்டும் தந்தனர். மொழியை அறுத்தார்க்கு வணிகமன்றி வேறு கரணியம் இல்லை.

இதிற் சூழ்ச்சி ஒன்றும் உண்டு. ஒளித்தட்டு வணிகர் உலகை வட்டாரங்களாகக் கூறிட்டுப் பூட்டிட்டனர். அமெரிக்கா 1-ஆம் வட்டாரம். ஆங்காங்கு 3-ஆம் வட்டாரம். அமெரிக்கச் சீனன் தன் தாய்மொழி ஒலியுள்ள ஆங்காங்குத் தட்டை விலைகொடுத்து வாங்கினாலும், அவன் வீட்டுக் கருவி அதனை ஏற்காது. தந்ததைத்தான் உண்ணவேண்டும்.

இடமில்லை என்றும் சொல்லவியலாது. ஓர் ஒளித்தட்டில் 8 ஒலித்தடங்கள் வரை பதிக்கலாம். எழுத்துரைக்கு 32 தடங்கள். ஆங்கிலம் வேண்டுவார்க்கு ஆங்கிலம் இருக்கட்டும், தடுப்பாரில்லை. எட்டில் ஒன்றை, அப்படம் பிறந்த மொழிக்கு விட்டிருக்கலாகாதா?