தாழ்வாரத்தில் ஓடும் சைக்கிள்

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கார்த்திகை பாதி கடந்திருக்கும். ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடும். வெளியே போன செருப்பெல்லாம் சேற்றோடு திரும்பி வரும். நம்மில் பலருடைய சைக்கிள் சுவரோரம் சாய்ந்து நிற்கும்.

திண்டிவனம் அருகே ஒலக்கூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். புரட்டாசி வரைக்கும் விடிகாலையில் ரோட்டில் போய்வந்தவர். மழை பிடித்ததும் வீட்டுத் தாழ்வாரத்தில் ட்ரெய்னர் என்ற தாங்கியை வைத்து, அதில் சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கிறார். முதல் வாரம் ஆசையாக இருந்ததாம். இப்போது பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியவில்லையாம். அச்சிறுப்பாக்கம் வரை போய்த் திரும்பியவளுக்கு வீட்டுக்குள் பத்து நிமிஷம் கூட முடியாதா, மன உறுதி போய்விட்டதா என்று கேட்கிறார். இதே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் இன்னும் பல கடிதங்களில் படித்தேன். அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே தருகிறேன்.

டீச்சர், உங்கள் மன உறுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் காற்றைக் கவனியுங்கள். ரோட்டில் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே வேகத்தில் காற்று உங்கள் மேல் அடிக்கிறது. வியர்வை வந்தது தெரியாமலே காய்கிறது, உடம்பு சூடு இறங்குகிறது. தாழ்வாரத்தில் அந்தக் காற்று இல்லை. மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை காயவும் காயாது, மூக்கு நுனியிலிருந்து சொட்டும். சூட்டைத் தணிக்க இதயம் தோல் பக்கமாக அதிக ரத்தத்தை அனுப்ப வேண்டியிருக்கிறது. அதனால் அதே மிதிக்கு நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். உங்களுக்கு அது பலவீனம் போலத் தெரிகிறது. உண்மையில் அது வெப்பம்.

இன்னொன்று. ரோட்டில் நாம் எல்லா நேரமும் மிதிப்பதில்லை. இறக்கம் வரும், வேகத்தடை வரும், குறுக்கே மாடு வரும், கால் சும்மா இருக்கும். வீட்டுக்குள் அப்படி ஒரு நொடி கிடையாது. ரோட்டில் சைக்கிள் நமக்குக் கீழே இப்படியும் அப்படியும் சாய்ந்து கொடுக்கும், ட்ரெய்னரில் இறுகிக் கிடக்கும். முழு எடையும் ஒரே இடத்தில் அழுந்துவதால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது. ஆகவே உள்ளே நாற்பது நிமிஷம் விடாமல் மிதித்தவர் வெளியே ஒரு மணி நேரம் போய்வந்தவருக்கு இளைத்தவர் அல்ல. ரோட்டுக் கணக்கைத் தாழ்வாரத்துக்குள் கொண்டுவந்து நீங்களே உங்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

மழைக்குப் பயந்து எதற்கு உள்ளே உட்கார வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் உறைபனி வந்து சைக்கிள்காரர்களை வீட்டுக்குள் தள்ளும். நமக்கு அந்த வேலையை அடைமழையும் மார்கழிப் பனியும் செய்கின்றன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் காலை வரையிலான ஒரே நாள் கணக்கில் மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. திண்டிவனமும் விழுப்புரமும் தண்ணீரில் மிதந்தன. தண்ணீருக்கு அடியில் பள்ளம் எது, பாலம் எது என்று தெரியாத ரோட்டில் யாரும் பயிற்சி செய்ய வேண்டாம். மழை விட்டால் பனி. மார்கழி விடியலில் சென்னையிலிருந்து வரும் ஜிஎஸ்டி ரோட்டில் லாரியும் ஆம்னி பஸ்ஸும் மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை பக்தர்களை ஏற்றிவரும் வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பனிக்குள் நம் பின்விளக்கு எத்தனை அடி தூரத்துக்குத் தெரியும்? அந்த நேரத்தில் தாழ்வாரம்தான் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நின்ற இடத்தில் மிதிப்பது நமக்குப் புதிதும் அல்ல. அப்பாவின் சைக்கிளைப் பின்ஸ்டாண்டில் ஏற்றிவைத்து, பின்சக்கரம் தரையில் படாமல் சுற்றச் சுற்ற மிதிக்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? தெருவில் கத்தி சாணை பிடிக்க வருபவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து, மிதித்த வேகத்தில் சாணைக்கல்லைச் சுற்ற வைப்பார். அரிவாள் முனையிலிருந்து பொறி பறக்கும். நாள் முழுக்கத் தெருத் தெருவாக அவர் மிதித்தது நின்ற இடத்தில்தான். ட்ரெய்னர் வாங்க வசதியில்லை, பள்ளியில் கொடுத்த சைக்கிள்தான் இருக்கிறது என்று எழுதிய மாணவர்களுக்குச் சொல்கிறேன்: சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் இரட்டைக்கால் ஸ்டாண்டு இருந்தால் அதுவே போதும். சுவரை ஒட்டி, சமதரையில் நிறுத்துங்கள். பழைய டைனமோவும் அதன் விளக்கும் கிடந்தால் மாட்டி, டைனமோவை டயரில் படும்படி சாய்த்துவிடுங்கள். காலுக்குக் கொஞ்சம் கனம் கிடைக்கும், கரண்ட் போன நேரத்தில் எதிர்ச்சுவரில் வெளிச்சமும் விழும். துப்பட்டாவை இழுத்துக் கட்டுங்கள். சின்னப் பிள்ளைகளைச் சக்கரத்துக்கும் செயினுக்கும் கிட்டே விடாதீர்கள். அதில் எழுந்து நின்று மிதிக்க வேண்டாம், ஸ்டாண்டு தாங்காது.

எனக்கு இதில் பெரிய பாடம் வேறொரு காட்சியிலிருந்து கிடைத்தது. விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரியாத, தென்னாற்காடு மாவட்டக் காலம் அது. ஊர்ப் பொட்டலுக்கு ஒருவர் சைக்கிளோடு வருவார். கீழே இறங்காமல் ஏழு நாள் சைக்கிள் ஓட்டப்போவதாக மைக்கில் அறிவிப்பார்கள். சவுக்குக் கம்பம் நட்டு, டியூப்லைட் கட்டி, மைக்செட் வைத்து, வட்டம் போட்டுவிடுவார்கள். அந்த வட்டத்துக்குள்ளேயே அவர் சுற்றிச் சுற்றி வருவார். சைக்கிளில் இருந்தபடியே பல் துலக்குவார். தண்ணீரைக் குடத்தோடு வாங்கித் தலையில் ஊற்றிக்கொள்வார். சாய்ந்து, தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டை எடுப்பார். தாய்மார்கள் குழந்தையை நீட்டுவார்கள், வாங்கி ஒரு சுற்று சுற்றித் திருப்பிக் கொடுப்பார். சட்டையில் நோட்டுக் குத்துவார்கள். சாயங்காலக் கூட்டத்தில் அவர் முகத்தில் சோர்வே தெரியாது.

ராத்திரி இரண்டு மணிக்கு மேல் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கூட்டம் கலைந்திருக்கும். வட்டத்தில் டயர் பதிந்து பதிந்து மண் பள்ளமாகியிருக்கும். அவர் தலை முன்னால் சாயும். அப்போது மைக்செட்காரர் பாட்டை மாற்றிப் போடுவார். ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணே, அண்ணே என்று பேச்சுக் கொடுத்தபடி அவர் கூடவே நடப்பார்கள். யாரும் அவர்களை இருக்கச் சொல்லவில்லை. ஒருவர் வீட்டிலிருந்து டீ வரும். விடியும்வரை அந்த மனிதர் சாயாமல் இருந்தது அந்தப் பேச்சுத் துணையால்தான் என்று நான் முழுமையாக நம்புகிறேன். அவருக்கு மன உறுதி இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மன உறுதி மட்டும் எவருக்கும் போதாது.

நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதைத்தான்: வீட்டுக்குள் மிதிப்பவர் தனியாக மிதிக்கக் கூடாது. நீங்கள் இன்று ஏறினீர்களா இல்லையா என்பது இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். ரோட்டில் போகும்போது டீக்கடைக்காரர் பார்க்கிறார், பால்காரர் கையசைக்கிறார், ஒருநாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். தாழ்வாரத்தில் அந்தக் கேள்வி இல்லை. அதனால் இறங்குவது சுலபமாகிவிடுகிறது.

வெளிநாட்டிலும் கதை இதுதான். ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமன் 2016 பிப்ரவரி இறுதியில் பெல்ஜியத்தில் ஒரு பந்தயத்தில் விழுந்து கை எலும்பை முறித்துக்கொண்டார். ஏப்ரல் 10-ஆம் தேதி பாரிஸ்-ரூபே பந்தயம். 250 கிலோமீட்டருக்கு மேல், அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கரடுமுரடான கல் பாவிய பாதை. ரோட்டுக்குப் போக வழியில்லாமல் வீட்டில் ட்ரெய்னர் மேல் உட்கார்ந்து ஸ்விஃப்ட் என்ற செயலியில் மிதித்தார். அந்தச் செயலியில் நாம் மிதிக்கும் வேகத்துக்குத் திரையில் நம் உருவம் ஓடும், உலகத்தின் எங்கெங்கோ வீட்டுக்குள் மிதிப்பவர்கள் பக்கத்தில் ஓடுவார்கள். ஆறு வாரம் கழித்து, 37 வயதில், பதினைந்தாவது தடவையாக அந்தப் பந்தயத்தில் இறங்கிய ஹேமன், அதை நான்கு முறை வென்றிருந்த டாம் பூனனை முந்தி முதலிடம் பிடித்தார். அவரிடம் இரண்டு விஷயங்கள் இருந்தன. காலண்டரில் வட்டம் போட்ட ஒரு தேதி. கூட ஓட ஆட்கள்.

நெடுந்தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே ஓட்டங்களில் நம்மில் கலந்துகொள்பவர்களுக்குத் தேதி தானாகவே கிடைத்துவிடுகிறது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 என்று கெடு இருக்கிறது. 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும், 2023-க்குப் பிறகு 2027. மற்றவர்கள் பொங்கலன்று மயிலம் மலையடிவாரம் வரை போய்வருவேன் என்று ஒரு தேதி வைத்துக்கொண்டாலும் போதும். முக்கியம், அதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

டீச்சருக்கு ஒரு யோசனை. ஒலக்கூரில் ரயில் நிலையம் இருக்கிறது. எழும்பூர்-விழுப்புரம் பாதையின் நிலையங்களை ஒரு தாளில் வரைந்து, வகுப்புப் பிள்ளைகள் பார்க்கும்படி சுவரில் ஒட்டுங்கள். தெற்கே பாஞ்சாலம், திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம். தினமும் மிதித்த தூரத்துக்குக் குண்டூசியை நகர்த்துங்கள். மிஸ் இன்னும் பேரணியிலேயே நிற்கிறாரே என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்று நீங்கள் பத்து நிமிஷத்தில் இறங்க மாட்டீர்கள்.

மிதிக்கும் நேரத்தையும் உடைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிஷம் ஒரே சீராக மிதித்தால் மனம் கடிகாரத்தையே பார்க்கும். பத்து நிமிஷம் இலகுவாக. பிறகு மூன்று நிமிஷம் அழுத்தி, இரண்டு நிமிஷம் மெதுவாக, இப்படி ஐந்து தடவை. கடைசி ஐந்து நிமிஷம் ஆறவிடுங்கள். அழுத்தும்போது ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கட்டும், மெதுவாக மிதிக்கும்போது தடையில்லாமல் பேச வர வேண்டும். அதற்கு மேல் கருவி தேவையில்லை. ட்ரெய்னர் உறுதியாக இருந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சீட்டிலிருந்து அரை நிமிஷம் எழுந்து மிதியுங்கள். பாட்டு உங்கள் விருப்பம். நிமிஷத்துக்கு எண்பது, தொண்ணூறு சுற்று மிதிக்கக் கால் தானாகப் பழகும்படியான தாளம் நல்லது. நெஞ்சுவலி, மயக்கம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அழுத்தி மிதிக்கவே வேண்டாம்.

மின்விசிறியை நேர் எதிரே, மார்பளவு உயரத்தில் வையுங்கள். சீலிங் ஃபேன் போதாது. ஹேண்டில்பாரில் ஒரு துண்டு போடுங்கள், வியர்வை உப்பு சொட்டினால் திருகுகள் துருப்பிடித்துவிடும். முந்தின ராத்திரி சோற்றில் ஊற்றி வைத்த நீராகாரத்தில் உப்பும் கொஞ்சம் மோரும் கலந்து ஒரு சொம்பு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தட்பவெப்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான பானம் எனக்குத் தெரியாது. கரண்ட் போனால் இறங்கிவிடாதீர்கள். கதவைத் திறந்துவிட்டு, அழுத்துவதை மட்டும் விட்டு, மீதி நேரத்தை மெதுவாக முடியுங்கள்.

எல்லா வாசகர்களுக்கும் ஓர் அழைப்பு. மார்கழி முதல் தேதியிலிருந்து தினமும் காலை ஐந்தரை மணிக்கு, கோவில் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்கும் அந்த நேரத்தில், அவரவர் வீட்டில் அவரவர் சைக்கிளில் நாற்பது நிமிஷம் ஏறுவோம். ஒலக்கூர் தாழ்வாரத்தில் டீச்சர், விழுப்புரத்தில் இன்னொருவர், சென்னை அடுக்குமாடி பால்கனியில் வேறொருவர், டொரன்டோவில் பனி கொட்டும் நேரத்தில் நிலவறையில் மிதிக்கும் நம் வாசகர், தம் ஊர் ஐந்தரைக்கு. உங்கள் கூட இதைச் செய்யும் ஒருவரைத் தெருவிலோ உறவிலோ தேடிக்கொள்ளுங்கள், முடித்ததும் இருவரும் ஒரு வரி பேசிக்கொள்ளுங்கள். நானும் அந்த நேரத்தில் ஏறுகிறேன். மாதம் முடிந்ததும் எத்தனை நாள் ஏறினீர்கள், எந்த நாள் விட்டுப்போனது, விட்டபின் எப்படித் திரும்ப ஏறினீர்கள் என்று ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். விட்டுப்போன நாள்களைப் பற்றி எழுதும் கடிதங்கள்தான் மற்றவர்களுக்கு அதிகம் உதவும், ஆகவே மறைக்காமல் எழுதுங்கள். தை இதழில் அவற்றுக்காக நான்கு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்